பரீட்சை அறையில் வாளிப் பாட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்காக ஒரு மலர் போடுகிறோம், பாட்டுப் பாடிப் பாடம் நடத்திய அனுபவத்தை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டீர்கள். பாட்டால் பிள்ளைகளுக்கு என்னென்ன நன்மை என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே புது ஆசிரியர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. என் பாட்டு ஒரு பெண்ணை எப்படி மாட்டிவிட்டது, அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் கடைசிப் பதினேழு வருடமும் கணக்கு நடத்தினேன். சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நிற்கிற மாதங்களில்தான் எங்களுக்குத் திருப்புதல் தேர்வு வரும். உளுந்து எடுக்க வீட்டோடு போய்விட்டுப் பிள்ளைகள் பத்து நாள் கழித்து வருவார்கள். வரும்போது சூத்திரம் எல்லாம் மறந்திருக்கும். கூம்பு, கோளம், உருளை, எதைக் கேட்டாலும் தரையைப் பார்ப்பார்கள். எனக்குப் பொறுமை குறைவு. நான் கத்த, அவர்கள் அழ, ஒரு வருடம் முழுக்க இப்படியே போனது.

ஒரு நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், எரிச்சலில் ஒரு சூத்திரத்தைக் கும்மி மாதிரி இழுத்துப் பாடினேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் ஒருத்தி விடாமல் எல்லோரும் ஒப்பித்தார்கள். பிறகு என்னைக் கேட்க வேண்டுமா? வார்த்தை நான் கட்டுவேன், மெட்டு பிள்ளைகள் போடுவார்கள். ஒரே வருடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு இருபது பாட்டு சேர்ந்தது. அறிவியல் டீச்சர் என்னிடம் கேட்டு வாங்கி, மின்னோட்டத்துக்கும் அமிலத்துக்கும் காரத்துக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டார். என் இருபதில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது வாளிப் பாட்டு. வாளி மாதிரி மேலே அகன்று கீழே குறுகிய உருவத்தைக் கணக்கில் இடைக்கண்டம் என்போம். அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு ஜுரம் வரும். அதனால் வாளி என்றே வைத்துக்கொண்டோம். மேல் வட்டத்தின் ஆரம் வாய், கீழ் வட்டத்தின் ஆரம் அடி, பை என்றால் 22/7.

பெரிய வாயைத் தன்னால பெருக்கு,
சின்ன அடியைத் தன்னால பெருக்கு,
வாயும் அடியும் சேர்த்துப் பெருக்கு,
மூணையும் கூட்டி முடிச்சுப் போடு,
உயரம் பெருக்கு, பையும் பெருக்கு,
மூணால வகுத்தா வாளி நிறையும்.

கவிதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதில் ஒரு தப்பும் கிடையாது. கன அளவு அப்படியே வரும்.

எங்கள் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டித் தடுப்புதான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பாடினால் அந்தப் பக்கம் பாடம் நடக்காது. தலைமையாசிரியர் ஒரு நாள் வந்து நின்றார். "என்ன டீச்சர், இது பள்ளிக்கூடமா இல்ல திருவிழாவா? அந்தப் பக்கம் சார் தொண்டை அடைச்சிப்போயி நிக்கறாரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பாட்டை விடவும் மனசில்லை. அதனால் பிள்ளைகளிடம், வாயைத் திறக்காமல் மனசுக்குள் பாடுங்கள், தாளத்தை மட்டும் பெஞ்சில் மெல்லத் தட்டுங்கள் என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வாளிப் பாட்டின் முதல் வரிக்கு உள்ளங்கையால் இரண்டு தட்டு. இரண்டாம் வரிக்கு விரல் நுனியால் இரண்டு. மூன்றாம் வரிக்கு உள்ளங்கை ஒன்று, விரல் ஒன்று. கவனித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். பெரியது பெரியது, சின்னது சின்னது, பெரியது சின்னது. சூத்திரம் மொத்தமும் அந்தத் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. கூம்புக்கு வேறு தட்டு, கோளத்துக்கு வேறு. இருபது பாட்டுக்கும் இருபது விதம். அதோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒரு விளையாட்டு வைத்தேன். ஒருத்தி எழுந்து பெஞ்சைத் தட்ட வேண்டும், மற்றவர்கள் அது எந்தச் சூத்திரம் என்று நோட்டில் எழுத வேண்டும். இரண்டே மாதத்தில் தட்டு பாதியில் இருக்கும்போதே எழுதிவிடுவார்கள்.

மாதத் தேர்வில் நான் வரிசைக்கு நடுவே நடந்து போகும்போது, எழுதும் பிள்ளைகளின் இடது கை விரல் தானாக மேஜையில் ஆடும். தட்டுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பாடம் விரல் வரைக்கும் இறங்கிவிட்டது என்று எனக்குப் பெருமை. உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய இடம் அது. நான் அதைக் கைபேசியில் படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டேன். யார் யாரோ பாராட்டினார்கள். மாவட்டப் பயிற்சியில் வந்து செய்துகாட்டுங்கள், பாட்டுகளைச் சின்னப் புத்தகமாகவே போடலாம் என்று ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார். பரீட்சை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கும்போது இப்படி ஒரு பேர் வந்தால் யாருக்குத்தான் தலை கனக்காது?

எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வு மையம் கிடையாது. பிள்ளைகள் டவுனில் வேறொரு பள்ளிக்குப் போய் எழுத வேண்டும். கணக்குத் தேர்வு அன்று கணக்கு ஆசிரியர்களுக்கு மேற்பார்வை வேலை தர மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மையத்தின் கேட்டுக்கு வெளியே, எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ரிஸ்வானாவின் அம்மா. ரிஸ்வானா என் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அவள் அப்பா வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பெண்ணை அறிவியல் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

"பரீட்சை முடிஞ்ச ஒடனே அவ அத்தா போன் பண்ணிடுவாங்க டீச்சர். இங்க நாம நிக்கறதவிட அங்க அவுங்க நிக்கறதுதான் பாவமா இருக்கு" என்று சிரித்தார் அந்த அம்மா.

பதினொன்றரை மணி இருக்கும். அந்தப் பள்ளியின் காவல்காரர் கேட்டைப் பாதி திறந்து, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "அந்த ஸ்கூல் கணக்கு டீச்சர் யாருங்க?" என்றார். கிட்டே போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பறக்கும் படை வந்திருக்காங்க டீச்சர். உங்க பிள்ளை ஒண்ண ஹால்லேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மேஜையத் தட்டி மத்த பிள்ளைங்களுக்கு சிக்னல் குடுத்துச்சாம். நீங்க வெளியில நிக்கறீங்கன்னு தெரிஞ்சு கூப்பிடறாங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க டீச்சர், ஏதாவது பிரச்சனையா?" என்று ரிஸ்வானாவின் அம்மா பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, ஏதோ கையெழுத்துக் கேக்கறாங்க" என்றேன். அன்றைய முதல் பொய் அது. உள்ளே போவதற்கு முன் எங்கள் தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். முழுக்கச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் பதறிவிட்டார்.

"டீச்சர், ஒண்ணும் விளக்கிக்கிட்டு நிக்காதீங்க. பயத்துல தட்டியிருக்கும், சும்மா பழக்கம், அவ்வளவுதான்னு சொல்லிட்டு வந்துடுங்க. பாட்டு, கூத்துன்னு ஆரம்பிச்சீங்கன்னா ஸ்கூல் பேரும் போவும், உங்க பேரும் போவும். ரிட்டயர்மெண்ட் நேரத்துல தேவையா?"

போனைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். கேட்டிலிருந்து அலுவலக அறைக்கு ஒரு முப்பது நாற்பது எட்டு இருக்கும். அந்தத் தூரத்துக்குள் நான் முடிவு பண்ணிவிட்டேன். சும்மா பழக்கம். அதையேதான் சொல்வது.

வராந்தாவில் பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. ரிஸ்வானா அங்கே தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் மேஜையில் வினாத்தாளும் இல்லை, விடைத்தாளும் இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். யாரோ உட்காரச் சொன்னார்கள். அவளுக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு ஒன்றேகாலுக்கு முடியும். இந்தப் பெண்ணின் நேரம் இங்கே வெறுமனே போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அலுவலக அறையில் பறக்கும் படை அதிகாரி இருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, நிதானமான பேச்சு. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அறைக் கண்காணிப்பாளர் சின்ன வயசுத் தமிழாசிரியர், முதல் வருடப் பணி. அவர் முகம் என் முகத்தைவிட வெளிறிப்போயிருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றார் அதிகாரி.

"இல்லீங்க மேடம், முதல்ல நான் கண்டுக்கல. அந்தப் பொண்ணு மேஜையத் தட்டுச்சு. கொஞ்ச நேரத்துல பின்னாடி ஒரு பொண்ணு அதே மாதிரி தட்டுச்சு. அப்புறம் சன்னல் ஓரத்துல ஒண்ணு. எல்லாம் ஒரே ஸ்கூல். ஒரே மாதிரி தட்டு. நான் நோட் பண்ணிக்கிட்டேன். அப்பதான் நீங்க வந்தீங்க" என்றார் அவர். பாவம், அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உக்காருங்க டீச்சர். உங்கள விசாரிக்கறதுக்குக் கூப்பிடல. ஒரே ஒரு விஷயம் தெரியணும். அந்தத் தட்டுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"இல்லீங்க மேடம்" என்றேன். "சும்மா பழக்கம். பயம் வந்தா எங்க பிள்ளைங்க தட்டும்."

"அர்த்தம் கிடையாது?"

"கிடையாதுங்க."

அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். நான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டேன், சமாளித்துவிட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தத் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நாலைந்து நிமிடம் கழித்து அதிகாரி ஒரு தாளோடு வந்தார். அதை என் பக்கம் திருப்பி வைத்தார். ரிஸ்வானாவின் குண்டுக் கையெழுத்து. நான் வருவதற்கு முன்பே எழுதி வாங்கியிருக்கிறார்கள். 'நான் தட்டியது வாளிப் பாட்டு. எனக்கு ஞாபகம் வருவதற்காகத் தட்டினேன். யாருக்கும் சொல்வதற்காக இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் யார் கேட்டாலும் அது எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிடும்.'

"இப்பத் திரும்பவும் கேட்டேன்" என்றார் அதிகாரி. "உங்க மிஸ் அதுல அர்த்தமே இல்லேங்கறாங்களேன்னு சொன்னேன். அப்பவும் அவ மாத்தல. என்ன சொல்றா தெரியுமா? 'மிஸ் மறந்திருப்பாங்க'ங்கறா."

நான் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன்.

"நான் கொஞ்சம் தெளிவா சொல்லிடறேன் டீச்சர். இந்தத் தட்டு உங்க வகுப்புல நீங்க சொல்லிக்குடுத்ததுன்னா, அது ஒரு விஷயம். நீங்க சொல்லிக்குடுக்கல, அதுல ஒண்ணுமில்லன்னா, இந்தப் பிள்ளைங்களே கூடிப் பேசி வச்சிக்கிட்டு ஒரு சங்கேதம் போட்டிருக்காங்கன்னுதான் நான் எடுத்துக்கணும். அந்த ஹால்ல உங்க ஸ்கூல் பிள்ளைங்க அஞ்சு பேரு இருக்காங்க. அஞ்சு பேரு மேலயும் எழுதணும். யோசிச்சு சொல்லுங்க. ஆனா சீக்கிரம் சொல்லுங்க, அந்தப் பொண்ணு அங்க சும்மா உக்காந்திருக்கு."

புதிதாக வந்திருப்பவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறோம் என்று நீங்கள் நினைக்கிற நேரம் உங்களுக்கும் வரும். அந்தப் பொய் யார் தலையில் போய் விழும் என்று சொல்லும்போது தெரியாது. நான் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அது அஞ்சு பெண்களின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியும் எனக்கு உடனே வாய் வரவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் பேனாவையே எடுத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், ஓய்வூதியக் கோப்பு நிற்கும் என்று ஓடியது மனசு. மாவட்டப் பயிற்சி, புத்தகம், அதெல்லாம்கூட ஓடியது. அஞ்சு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்குப் புத்தகத்தின் அட்டைப்படம் ஞாபகத்துக்கு வருமா? வந்தது. கூசிப்போனேன்.

"நான்தான் பொய் சொன்னேன் மேடம்" என்றேன். "அந்தப் பொண்ணு எழுதினது அத்தனையும் உண்மை. நான் சொல்லிக்குடுத்ததுதான். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் ஒரு பாட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தட்டு. கேட்டுக் கண்டுபிடிக்கற மாதிரி விளையாட்டு வச்சதும் நான்தான்."

"தட்டிக் காமிங்க."

அவருடைய மேஜையிலேயே தட்டினேன். இரண்டாவது வரியிலேயே தாளம் தப்பியது. திரும்ப ஆரம்பித்தேன். சின்னத் தமிழாசிரியர் தலையை ஆட்டி, "இதேதாங்க மேடம்" என்றார்.

"அப்ப மத்த பிள்ளைங்க இதக் கேட்டு எழுதியிருக்கலாமா?"

"எழுதியிருக்கலாம். இல்லேன்னு நான் சொல்ல முடியாது. ஆனா தட்டறோம்னே அதுங்களுக்குத் தெரியாது மேடம். நான் மாசக்கணக்கா பார்த்திருக்கேன். பார்த்துட்டு நிறுத்தாம விட்டேன்."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதினேன். தேதி போடும் இடத்தில் பெயரையும், பெயர் போடும் இடத்தில் தேதியையும் எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அந்தத் தலைமையாசிரியரிடம் சொன்னார்: "சார், பிள்ளைங்க மேல நான் எதுவும் எழுதல. பேப்பரக் குடுத்துடுங்க. இந்தப் பொண்ணத் தனியா அந்த ரூம்லயே உக்கார வைங்க. மத்த நாலு பேரையும் தள்ளித் தள்ளி உக்கார வைங்க. கூடுதல் நேரம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல." என் பக்கம் திரும்பி, "உங்க மேல எழுதுறேன் டீச்சர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வரும்போது பக்கத்து அறையில் அதிகாரியின் குரல் கேட்டது. "இடது கைய மடியில வச்சிக்கம்மா. மேஜை மேல வரக்கூடாது. சரியா? எழுது, எழுது."

பன்னிரண்டேகால் ஆகியிருந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெண் இழந்திருந்தாள்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், ஓர் ஊதிய உயர்வு தள்ளிப்போனது, அதோடு முடிந்தது. மாவட்டப் பயிற்சிக்கு யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ரிஸ்வானா தேறினாள். அவள் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்றாலும் அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தது. பாட்டை நான் விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து பாட்டு முடிந்த பிறகு, கையைக் கட்டிக்கொண்டு, ஏன் அப்படி வருகிறது என்று சொந்த வார்த்தையில் சொன்னால்தான் உட்கார விடுவேன். தட்டு விளையாட்டை அடியோடு நிறுத்தினேன். நீங்களும் பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைச் சொல்லிக்கொடுக்கிறோமோ அது நம் வகுப்பறையைத் தாண்டி நமக்குத் தெரியாத ஒருவர் முன்னால் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் பாடுங்கள்.

ஆனால் நான் இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்டது இதைச் சொல்ல மட்டும் இல்லை. அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நடந்ததும் பாக்கி இருக்கிறது.

ஒன்றேகால் மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு வந்தார்கள். இது வந்ததா, அது வந்ததா என்று ஒருத்தரை ஒருத்தர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பெண்கள் நாலு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ரிஸ்வானா கடைசியில் வந்தாள். பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தாள்.

"எழுதினியாம்மா?" என்றேன்.

"எழுதினேன் மிஸ். ரெண்டு அஞ்சு மார்க் கணக்கு விட்டுட்டேன். ஒண்ணுக்கு நேரம் இல்ல. இன்னொண்ணு அந்த வாளிக் கணக்கு. முதல் ஹால்ல சூத்திரம் பாதிதான் எழுதியிருந்தேன், அதுக்குள்ள எழுப்பிட்டாங்க. திரும்ப வந்து உக்காந்தா வரல. கைய மடியில வச்சிட்டு எவ்வளவோ யோசிச்சேன். தட்டாம எனக்கு அந்தப் பாட்டே வரல மிஸ்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. கணக்கு வரவில்லை என்று டீச்சரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் அவளுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தது அவள் இடது கையில்தான் இருந்திருக்கிறது. அந்தக் கையை ஒருவர் மடியில் வைக்கச் சொன்னதும் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது அவள் அம்மாவின் போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து. "ஆங், வந்துட்டா, நல்லா எழுதியிருக்காளாம்" என்று பேசிக்கொண்டே அந்த அம்மா சத்தம் இல்லாத பக்கமாக ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் போனார். எங்கள் இரண்டு பேரையும் சுற்றி அந்த நேரத்தில் யாரும் இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"அந்த மேடம் சொன்னாங்க, நீங்க அதுல அர்த்தமே இல்லன்னு சொன்னீங்கன்னு. நீங்க மறந்துட்டீங்கதானே மிஸ்? டென்ஷன்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் நுழைந்து போனால் போதும்.

"இல்லம்மா. மறக்கல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அவள் பரீட்சை அட்டையைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்காகக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது.

"எனக்காகவா மிஸ்?"

அப்படித்தான் நானும் காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த முப்பது நாற்பது எட்டு நடந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டதும்தான் அது உண்மை இல்லை என்று எனக்கே தெரிந்தது. தட்டுக்கு அர்த்தம் இல்லை என்று சொன்னபோது என் மனசில் ரிஸ்வானா இல்லை. என் பாட்டும், என் பேரும், என் மிச்ச வருடங்களும்தான் இருந்தன.

"இல்லம்மா" என்றேன். "எனக்காகத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு தண்ணீர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அம்மா இருந்த பக்கம் நடந்து போனாள். போய் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி, எனக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அத்தா, நல்லா எழுதல. ரெண்டு கணக்கு விட்டுட்டேன்."